ரொட்டி வாட்டத் தெரியாத மகனுக்கு

ஐம்பத்திரண்டாம் வயதில், பெங்களூரில், ஒன்பதாவது மாடியில், பசியோடு உட்கார்ந்திருக்கும் என் மகனுக்கு, ஆரணியில் நன்றாகச் சாப்பிட்டு முடித்த உன் அம்மா எழுதுவது.

உன் செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. "அம்மா, நீ அன்னைக்கு செஞ்ச டோஸ்ட் எப்படி? எனக்கு வரவே மாட்டேங்குது." இதை நான் மூன்று முறை படித்தேன், முதல் முறை புரிந்துகொள்வதற்கு, அடுத்த இரண்டு முறை மகிழ்வதற்கு. ஐப்பசி மாதத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "தனியா இருந்தா நீ சரியா சாப்புட மாட்டம்மா" என்று தீர்ப்புச் சொன்னவன் நீ. இப்போது உன் மனைவி கவிதா மகளின் பிரசவத்துக்காகப் புனேவுக்குப் போயிருக்கிறாள். நீ தனியாக இருக்கிறாய், சரியாகச் சாப்பிடவில்லை. நானும் தனியாகத்தான் இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இந்த நிலவரத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ தொலைபேசியில் மூன்றாவது சொல்லிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள் நான். பாதி வாக்கியத்தில் செய்முறை சொல்லிப் பழக்கமில்லை. கடிதத்தை நடுவில் யாரும் வெட்ட முடியாது. பொறுமையாகப் படி.

முதலில் ரொட்டியோடு உனக்கும் எனக்கும் உள்ள பழைய வழக்கைத் தீர்க்க வேண்டும். நம் தெருவில் ரொட்டி என்பது உணவே இல்லை. பேக்கரியில் பன் வாங்கலாம், பிஸ்கட் வாங்கலாம், பிறந்தநாள் கேக்கைக் கயிறு கட்டிய பெட்டியில் தூக்கிக்கொண்டு போகலாம்; யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் மட்டும், "வூட்ல யாருக்கு முடியல?" என்ற கேள்வி நாலு வாசலிலிருந்து வரும். காய்ச்சல்காரனுக்கு ரொட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்கு ரொட்டி, பல் பிடுங்கியவனுக்கு ரொட்டி. நானும் அப்படித்தான் நம்பினேன். உனக்கு ஒன்பது வயதில் டைஃபாய்டு வந்தபோது மூன்று வாரம் பாலில் ஊறவைத்த ரொட்டியைத் தவிர வேறெதையும் உன் கண்ணில் காட்டவில்லை. அரையாண்டுத் தேர்வு நேரம். விடுப்பு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. காலையில் நான்கு துண்டுகளைப் பாலில் போட்டுக் கிண்ணத்தை மூடி உன் கட்டிலருகே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ மூடியைத் திறக்கும்போது அது சுவரில் பூசும் பக்குவத்துக்கு வந்திருக்கும். "மருந்துன்னு நெனச்சிகினு முழுங்குடா" என்று சொல்லி வைத்திருந்தேன். நீ முழுங்கினாய், ஒரு நாள்கூட அழவில்லை. உன் அப்பா மாலையில் வந்து மிச்சத்தின் மேல் சர்க்கரையைத் தூவி, அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்து ஊட்டுவார். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீ ரொட்டியைத் தொடவில்லை. டைஃபாய்டு தண்ணீரால் வந்தது. ரொட்டியின் மேல் வந்த வெறுப்பு என்னால் வந்தது. அந்தத் தேர்வுத் தாள்களில் இருந்த ஒரு விடைகூட இப்போது எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கிண்ணம் நினைவிருக்கிறது.

ரொட்டியிடம் நானே போய்ச் சேர்ந்தது எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் உன் கோணத்திலிருந்து மட்டும் தெரியும். ஐப்பசி மழையில் பின்கட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். நீ வந்தாய், பார்த்தாய், அன்றைக்கே என்னைப் பெங்களூருக்கு ஏற்றிவிடப் பார்த்தாய். கடைத்தெருப் பட்டு வியாபாரி ஒருவர் வீட்டைச் சேலைக் கிடங்காக வாடகைக்குக் கேட்கிறார் என்பதைக்கூட எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாய். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் நீ ஒரு நிபந்தனையில் இறங்கி வந்தாய்: "இன்னொரு தடவ உடம்புக்கு ஏதாவது வந்தா நான் உன்னக் கேக்க மாட்டேன். காரோட வந்து நிப்பேன்." ஒப்புக்கொண்டேன். கட்டுப் போட்ட கையோடு அதற்கு மேல் பேரம் பேச முடியாது.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை பலநாள் விருந்தாளி போலவே நடந்துகொண்டது. குக்கரைத் தூக்காது, மாவுக் குண்டானைச் சாய்க்காது. பக்கத்து வீட்டுச் சரோஜா ஒன்றரை மாதம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தறியில் உட்கார வேண்டியவள் என் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மதியத்துக்கு அவளை விட்டால் வேறு வழியில்லை. காலை உணவையாவது என் கையால் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு கையால் செய்யக்கூடியது எது என்று யோசித்தால் ரொட்டிதான் வந்து நின்றது. நீ அனுப்பிய டோஸ்டரை முதலில் முயன்றேன். அது ரொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, நான் பார்க்க முடியாத இடத்தில் எதையோ செய்து, பலகையாக்கித் துப்பியது. ஒன்பது எண்கள் போட்ட ஒரு திருகு இருந்தது. மூன்றுக்கும் ஏழுக்கும் என்ன வேறுபாடு என்பதை அது கடைசிவரை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சோதனையை நான் எந்த மாணவியிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. அதைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு இரும்புக் கல்லை எடுத்தேன்.

இப்போது கவனி. கவிதாவின் ஒட்டாத கல்லைத் தொடாதே. அது வேறு வேலைக்கு. அடுப்புக்குக் கீழே இரண்டாவது தட்டில் சப்பாத்திக்காக ஒரு கனமான இரும்புக் கல் வைத்திருக்கிறாள். நான் வந்தபோது பார்த்திருக்கிறேன். அதை எடு. ரொட்டியைத் துண்டு போட்டதாக வாங்காதே. முழு ரொட்டியாக வாங்கு. கடைக்காரன் "கட் பண்ணிடட்டுமா?" என்று கையில் எடுத்துவிடுவான், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல். அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே வாட்டாதே. புது ரொட்டியில் ஈரம் அதிகம். அந்த ஈரம் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை நிறம் பிடிக்காது, அதற்குள் உன் பொறுமை போய்விடும். ஒரு நாள் கிடக்கட்டும். மறுநாள் பல் வைத்த கத்தியால் ஒரு விரல் கனத்துக்கு அறுத்துக்கொள். அழுத்தாதே, இழுத்து அறு. மெல்லியதாக அறுத்தால் அப்பளமாகும். தடிமனாக அறுத்தால் உள்ளே சளசளவென்று இருக்கும்; அது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லில் முதலில் எதையும் தடவாதே. வெண்ணெயைப் போட்டு வாட்டினால் வெண்ணெய் முதலில் தீயும், ரொட்டி பிறகுதான் சூடாகும். வெறும் கல், அடுப்பு சிம்மில். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பார். சொட்டு உட்கார்ந்து, சுர்ரென்று சொல்லி மறைந்தால் கல் தயார். அது முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிச் சூடாகிவிட்டது. இறக்கி வைத்துவிட்டுக் காத்திரு. ரொட்டியை வைத்தபின் கரண்டியால் அழுத்தாதே. நம் வீட்டில் எல்லாவற்றையும் அழுத்தும் பழக்கம் உன் அப்பா வழியில் வந்தது. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அந்த நிமிடத்தில்தான் நீ கைபேசியை எடுப்பாய். ஆகவே அதைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வா. பிறகு மணம் மாறும். மாவின் மணம் போய் வேர்க்கடலை வறுப்பதுபோல ஒன்று வரும். ஓரத்தைத் தூக்கிப் பார், திருப்பு. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஆனதும் தட்டில் படுக்க வைக்காதே. இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் கூடாரம்போல நிறுத்து. படுக்க வைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். அரை நிமிடம் நின்றபின் வெண்ணெய். அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. முதல் நான்கு நாளின் விளைவுகளைக் காக்கைகூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

பன்னிரண்டாம் நாளிலிருந்து எனக்கு ஒரு பெருமிதம் வந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேக்கரிக்கு நானே நடந்து போனேன், வலது கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். தெருவை மறந்துவிட்டேன். இதுதான் என் பிழை. வாசலில் சரோஜா கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, தெனம் பிரட்டு வாங்கிகினு போறீங்க? உடம்புக்கு இன்னா?" நான், "உடம்புக்கு ஒன்னுமில்ல" என்றேன். அதைவிடத் தவறான பதில் வேறு இருக்க முடியாது. உண்மையில் முடியாதவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். மறுநாள் சாத்துக்குடிப் பைகள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டு மருமகள் ஒரு பை, கோடிவீட்டுக்காரர் ஒரு பை. என்னை உட்கார வைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்கள். எந்த டாக்டர் என்றேன். "நம்மகிட்ட சொல்ல மாட்டறாங்க பாவம்" என்று வெளியே போய்ச் சொல்லிக்கொண்டார்கள். சரோஜா உனக்குத் தொலைபேசியில் சொன்னதை அவளே பிறகு எனக்கு ஒப்பித்துக் காட்டினாள்: "தம்பி, அம்மா மூணு வாரமா காலையில பிரட்டுதான் துன்னுகினு கீறாங்க. கேட்டா வாயத் தொறக்க மாட்டறாங்க. ஜல்தி வந்துடுங்க."

நீ சனிக்கிழமை வந்தாய். பெட்டியோடு வந்தாய், கார் டிக்கியைக் காலி செய்துகொண்டு வந்தாய். நான் வீட்டில் இல்லை. காலை முதல் பஸ்ஸில் தேவிகாபுரம் போயிருந்தேன். என்னிடம் படித்த செல்வி அங்கே எருமை வைத்திருக்கிறாள், அவள் கடைந்து எடுக்கும் வெண்ணெயைக் கடை வெண்ணெயோடு ஒப்பிடக்கூடாது. கைபேசியை மறந்து வீட்டில் வைத்துவிட்டேன். நீ அழைக்க அழைக்க, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அது அடித்திருக்கிறது. நம் வாசற்கதவுப் பூட்டு உள்ளே பூட்டினாலும் வெளியே பூட்டினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்குமேல் உங்கள் கற்பனைக்கு உதவி தேவைப்படவில்லை. பஸ் இறங்கி, ஒரு கையில் வெண்ணெய்த் தூக்குவாளியும் மறு கையில் புது ரொட்டியுமாகத் தெருமுனை திரும்பினால், என் வாசலில் எட்டு பேர். சரோஜாவின் கணவன் மணி கடப்பாரையைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

"மணி, என் கதவ இன்னா பண்ணப் போற? அது தேக்கு. எடுத்த எடத்துல வை அத."

கடப்பாரை கீழே விழுந்த சத்தத்தில் தெருநாய் ஓடியது. சரோஜா, "ஐயோ டீச்சரம்மா! நீங்க உள்ள வுழுந்து கெடக்கறீங்கன்னு நாங்கல்லாம் அழுதுகினு கீறோம்!" என்றாள்.

"நீ வெத்தல போட்டுகினு இருக்கற மாதிரில்ல தெரியுது."

"அழுகைக்கு நடுவுலதாங்க போட்டேன்."

உன் முகத்தில் இரத்தமே இல்லை. "எங்கம்மா போன?" என்றாய். தேவிகாபுரம் என்றேன். எதற்கு என்றாய். வெண்ணெய்க்கு என்றேன். "வெண்ணெய்க்கா!" என்று நீ கத்திய கத்தலில் பெங்களூர் முழுவதும் உதிர்ந்து, இந்தத் தெருவில் வளர்ந்த பையனின் குரல் வந்தது. "இன்னாம்மா பேஜாரு பண்ற! நோயாளின்னு சொன்னாங்க, பஸ்ஸேறி வெண்ணெய் வாங்கப் போய்கினு கீற!"

என் வாழ்நாளில் நான் இவ்வளவு ஆரோக்கியமாக உணர்ந்ததில்லை. எல்லாரையும் உள்ளே வரச் சொன்னேன். விளக்கம் சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை என்பது சாத்துக்குடி வந்த நாளிலேயே புரிந்துவிட்டது. ஆகவே செய்து காட்டினேன். முந்தின நாள் ரொட்டி இரண்டு இருந்தன. நீ பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, சமையலறை நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய், மேற்பார்வையாளர் போல. நான் இடது கையால்தான் ரொட்டியைப் பிடித்தேன், உனக்குத் தெரியும்படி. எதிர்வீட்டு மருமகள் முதல் துண்டைக் கடித்துவிட்டு, "இது பிரட்டா?" என்றாள். கோடிவீட்டுக்காரர் பேச்சை விட்டுவிட்டு இரண்டாவதுக்குத் தட்டை நீட்டினார். மணி மட்டும் வாங்கவில்லை. தறியில் பாதிச் சேலை நிற்கிறது, விரலில் வெண்ணெய் பட்டால் பட்டில் கறையாகிவிடும், கழுவினாலும் அந்த வழுவழுப்பு நகக்கண்ணில் நிற்கும் என்றான். வெண்ணெய் இல்லாமல் தரட்டுமா என்றேன். எல்லாரும் வெண்ணெயோடு சாப்பிடும்போது தான் மட்டும் ஏன் பத்தியம் இருக்க வேண்டும் என்று அதற்கும் முகம் சுளித்தான். கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"த்தூ, வெக்கங்கெட்ட மனுசா" என்றாள் சரோஜா. ஆனால் ஊட்டினாள். "கல்யாணத்துல கூட இவருக்கு நான் ஊட்டுனது இல்லீங்க டீச்சரம்மா." மணி கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "இன்னொன்னு ஊட்டு. இந்தச் சேல முடியற வரிக்கும் நான் இங்கதான் துன்னுவேன்."

அந்தச் சிரிப்பில் நீயும் ஒரு துண்டை எடுத்ததை நான் பார்க்காததுபோல் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அதை முகர்ந்தாய். ஓரத்தில் கடித்தாய். அது மொறுமொறுவென்று உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நீ நான்கு துண்டுகள் சாப்பிட்டாய். ஒன்பது வயதுக்காரனுக்கு நான் தர வேண்டியிருந்ததைத் தர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, ஐந்தாவதை வைத்தேன்.

எல்லாரும் போனபிறகு நீ என்னருகே வந்து நின்று, குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னாய். "கை ஒடஞ்சி நாலு நாளு நீ எனக்குச் சொல்லலியேம்மா. சரோஜாக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சிது. அவங்க சொல்றத நம்பாம வேற யார் சொல்றத நான் நம்பறது?" கல்லில் இருந்த துண்டு கருகியது. அன்றைக்குக் கருகியது அது ஒன்றுதான். நீ அதற்குமேல் வாதாடவில்லை. பின்கட்டுக்குப் போனாய். பட்டு வியாபாரியிடம் நீ கைபேசியில் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது: "இல்லீங்க, வேற எடம் பாத்துக்குங்க. அம்மா இங்கதான் இருக்கறாங்க." நாகரிகமான எந்தத் தாயும் அந்த நேரத்தில் கண் கலங்கியிருப்பாள். நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, உயர்நீதிமன்றத்தில் வழக்கு ஜெயித்தவளைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கவில்லை.

ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது; டோஸ்டைக் காட்டிலும் அதற்காகத்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். அந்த நான்கு நாளும் நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் கார். சொன்னால் வருவாய், வந்தால் அழைத்துக்கொண்டு போவாய் என்று பயந்தேன். உடைந்த எலும்பை வெந்நீர் ஒத்தடத்தில் ஒட்டவைக்கலாம் என்று அறிவியல் படித்த ஒருத்தி நான்கு நாள் நம்பிக்கொண்டிருந்தாள். வலியை மறைப்பது என் உரிமை என்று அப்போது நினைத்தேன். அதனால் நீ இழந்தது என் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை. நான் நலமாக இருந்தபோதும் நலம் என்று சொல்லி உன்னை நம்பவைக்க முடியாமல் போனதற்குக் காரணம் தெருவின் ரொட்டிக் கதை மட்டும் இல்லை. அதில் பெரும்பங்கு என்னுடையது. ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். இரும்புக் கல்லைத் தூக்க என்னால் முடியாமல் போகும் நாளை, அடுப்பை அணைத்தேனா என்று எனக்கே ஐயம் வரும் நாளை, வேறு யாரும் உனக்குச் சொல்லும்படி விடமாட்டேன். நானே அழைத்துச் சொல்வேன். ஒரே வாக்கியத்தில் சொல்வேன், நீ குறுக்கே பேசக்கூடாது. அன்றைக்குக் காரைக் கொண்டு வா. கதவைப் பூட்டிச் சாவியை நானே உன் கையில் தருவேன், தெருவில் நின்று அழமாட்டேன்.

இன்றைய நிலவரம் இது. காலையில் எரிவாயு தீர்ந்துவிட்டது. மணியைக் கூப்பிடாமல், மூலையில் இருந்த நிறைந்த உருளையை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு வந்து, நானே மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தேன். இடது மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது. சரோஜா உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.